பள்ளி உளவியலை யார் நடத்துவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு கல்லூரியில் உளவியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டின் பள்ளி உளவியல் தாளை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படித்ததோ நிறுவன உளவியல். பாடநூல் முழுக்க அமெரிக்கக் கதை. பிள்ளைகள், “இதைப் படித்தால் எங்கே மேடம் வேலை?” என்கிறார்கள். பயிற்சிக்கு இடம் கேட்டுப் போனால் தலைமையாசிரியர், “பத்தாம் வகுப்புக்கு ஒரு மோட்டிவேஷன் பேச்சு கொடுங்க, போதும்” என்கிறார். பள்ளியில் வேலையே பார்க்காத நான் இதை எப்படி நடத்துவது?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

மோட்டிவேஷன் பேச்சுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஆறாம் வகுப்பின் தமிழ் நோட்டுகளைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். மற்றதெல்லாம் அந்த நோட்டுகளிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

மாணவிகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். புள்ளி வைக்காமல் விடுவதும், ல-ள-ழ மாறுவதும் வகுப்பில் பாதிப் பேரிடம் இருக்கும். அதைக் குறைபாடு என்று எழுத ஒரு மாணவி பேனாவை எடுப்பாள், தடுங்கள். ஆனால் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதியிருப்பான். ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதிய பக்கத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருக்கும், துணைக்கால் காணாமல் போயிருக்கும், வரி பாதியில் நின்றிருக்கும். அங்கே நிற்க வேண்டும். உங்கள் பாடநூலில் உள்ள உதாரணம் எதுவும் இதற்கு உதவாது, அது ஆங்கில எழுத்துக்கானது. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட டாலி என்ற வாசிப்புக் குறைபாட்டுச் சோதனை முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான். தமிழ்ப் பிள்ளையின் பிழைகளைப் படிக்கக் கற்றுத் தருவது உங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்காக அமெரிக்கக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய உளவியல் கிளினிக்கின் முதல் கேஸே எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பையன்தான். கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அங்குள்ள தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் விதிப்படி 1200 மணி நேர இன்டர்ன்ஷிப் உண்டு, அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் இருக்க வேண்டும். மேற்பார்வையும் வாராவாரம் நடக்கும். பாடநூலில் வரும் அமெரிக்கச் சட்டங்களை விரைவாகக் கடந்து போங்கள், இந்த மேற்பார்வை விஷயத்தை மட்டும் விடாதீர்கள். நம் ஊரில் மாணவியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கடைசியில் வருகைச் சான்றிதழில் கையெழுத்து வாங்குவதோடு பேராசிரியரின் வேலை முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

அறிக்கையை எப்படித் திருத்துவது என்பதற்கு ஒரு மாதிரி. மாணவி, “நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) குறைவு, கவனக் குறைவு” என்று எழுதிக் கொண்டுவருகிறாள். சோதனை எங்கே நடந்தது என்று கேளுங்கள். வராந்தாவில், சத்துணவுக்கு வரிசை நிற்கிற நேரத்தில் என்பாள். எந்தத் தமிழில் கேள்வி கேட்டாய்? புத்தகத் தமிழில். பையன் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துக்காரன், அவன் வீட்டுத் தமிழ் வேறு. காலையில் சாப்பிட்டானா, கண் பரிசோதனை நடந்ததா, அம்மாவிடம் பேசினாயா? இத்தனைக்கும் பதில் வந்த பிறகு அந்த முதல் வரி நிற்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை விஷயத்தை முதல் வகுப்பிலேயே உடைத்துச் சொல்லிவிடுங்கள். எம்.எஸ்சி. முடித்ததும் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். மற்றபடி கதவு அடைபடவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்’ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ கட்டாயம் வேண்டும் என்றது. பக்கத்தில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன, அந்த வாரியமும் ஆலோசகர் கேட்கிறது. பதவியின் பெயர் கவுன்சிலர் என்றுதான் இருக்கும், பரவாயில்லை.

நிறுவன உளவியல் படித்ததற்குக் கூச்சப்படாதீர்கள். பள்ளியும் ஒரு நிறுவனம்தானே? தலைமையாசிரியருக்கு மேலே யார், வகுப்பாசிரியருக்கு எத்தனை பதிவேடு என்பதெல்லாம் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். தெரியாததற்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வீடு போய் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் அவர்கள். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் என்றே போடுங்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை, இந்தப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை. இரண்டுமே உங்களுக்கு பஸ் தூரம்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மாணவி பள்ளிக்குள் போகும் முதல் நாளே ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிடலாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று அவள் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098ம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் முதலில் கூப்பிடப் போவது உங்களைத்தான். எனவே வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது நீங்களும் அந்தப் பள்ளியில் இருங்கள். அதைப் பணி நேரமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் “பார்க்கலாம்” என்பார்.