அனல் குறைந்துவிட்டதா?

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் எல்லோரும் சத்தமிட்டுக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். எனக்கு அப்படி வருவதில்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதால் முழு இரவு ஜெபத்துக்கும் போக முடியவில்லை. “நீ லவோதிக்கேயா சபை மாதிரி வெதுவெதுப்பாகிவிட்டாய்” என்று ஒரு மூத்த சகோதரி சொன்னார். உண்மையில் பக்திவைராக்கியம் என்றால் என்ன? வேதம் அதை எப்படிச் சொல்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த மூத்தவர் சொன்ன பகுதியையே முதலில் திறப்போம். வெளிப்படுத்தல் 3-ல் லவோதிக்கேயா பட்டணத்துச் சபையைக் குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று கர்த்தர் கடிந்துகொள்வதற்குக் காரணம் அவர்களுடைய ஜெபத்தின் சத்தம் குறைந்தது அல்ல. 17-ஆம் வசனம் காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறது: தாங்கள் ஐசுவரியவான்கள், தங்களுக்கு ஒரு குறைவும் இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கடிதமோ முழுக்க முழுக்கக் குறைவைப் பற்றியது. அந்தச் சபையின் நோய் உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேதத்தில் வைராக்கியம் முதலில் தேவனுடையது. ஏசாயா 9-ல் ஒரு பாலகன் பிறப்பான், அவனுடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்று சொல்லிவிட்டு, “சேனைகளின் கர்த்தருடைய வைராக்கியம் இதைச் செய்யும்” என்று தீர்க்கதரிசி முடிக்கிறார். இயேசு தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபோது சீஷர்களுக்கு 69-ஆம் சங்கீதம் நினைவுக்கு வந்தது: “உம்முடைய வீட்டைக்குறித்து உண்டான பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது.” பிதாவின் வீடு வியாபார வீடாவதை அவரால் தாங்க முடியவில்லை. தேவனுக்கு அருமையானது நமக்கும் அருமையாகிவிடுவதுதான் பக்திவைராக்கியம். உணர்ச்சி அதோடு சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

இன்னொன்றையும் வேதம் ஒளிக்கவில்லை. வைராக்கியம் தவறாகவும் போகும். “கர்த்தருக்காக எனக்கு இருக்கிற பக்திவைராக்கியத்தைப் பார்” என்று யோனதாப் என்பவனைத் தன் இரதத்தில் ஏற்றிக்கொண்டு போனான் இஸ்ரவேலின் ராஜாவாகிய யெகூ. பாகாலின் கோவிலை இடித்துத் தள்ளினான். ஆனால் பெத்தேலிலும் தாணிலும் ஜனங்கள் வணங்கிவந்த பொற்கன்றுக்குட்டிகளை அப்படியே விட்டுவிட்டான். முழு இருதயத்தோடும் நடக்க அவன் கவலைப்படவில்லை என்கிறது 2 இராஜாக்கள் 10. (‘என் வைராக்கியத்தைப் பார்’ என்று யாராவது அழைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.) பவுல் சபையைத் துன்பப்படுத்தியதும் வைராக்கியத்தினால்தான், பிலிப்பியர் 3-ல் அவரே அப்படி எழுதுகிறார். தன் ஜனத்தைப் பற்றி ரோமர் 10-ல் “அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல” என்று அவர் எழுதும்போது, அந்த வழியை உள்ளிருந்து அறிந்தவராகவே எழுதுகிறார்.

அப்போஸ்தலர் 18-ல் வரும் பிரசங்கியான அப்பொல்லோவைப் பாருங்கள். ஆவியில் அனலுள்ளவன், வேதாகமங்களில் வல்லவன். ஆனாலும் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தான். கூடாரம் பண்ணும் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அனலோடு பேசியவன் அமைதியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டான். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அதை ஒரு தடையாக எழுதியிருக்கிறீர்கள். ரோமர் 12-ல் “ஆவியிலே அனலாயிருங்கள்” என்ற வார்த்தைக்கு அடுத்தடுத்து வருபவை எவை? உபத்திரவத்தில் பொறுமை, ஜெபத்தில் உறுதி, குறைவில் இருப்பவர்களுக்கு உதவி. தீத்து 2-லும் பக்திவைராக்கியம் நற்கிரியைகளோடுதான் இணைந்து வருகிறது. இரவில் எழுந்து நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறவரின் ஊழியம் முழு இரவு ஜெபத்துக்குக் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்காகத் தனி ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். மாமியார் தூங்கும் நேரத்தில் ஒரு சங்கீதத்தை வாசித்து, அதையே உங்கள் ஜெபமாக்குங்கள். அழுகை வராவிட்டால் வரவழைக்க முயல வேண்டாம். அந்தச் சகோதரியிடம் மனத்தாங்கலும் வேண்டாம். ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, வெளிப்படுத்தல் 3-ஐ 14-ஆம் வசனத்திலிருந்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அப்படியே மாமியாருக்காகவும் அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள்.