பழைய பிக்கப்புக்கு ஐஆர்எஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1966 ஃபோர்டு எஃப்-100 இருக்கிறது. பின்னால் லீஃப் ஸ்பிரிங், ஒரே துண்டு ஆக்சில். காலி வண்டியாக மேடுபள்ளத்தில் போனால் பின்பக்கம் துள்ளி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. இண்டிபெண்டன்ட் ரியர் சஸ்பென்ஷன், அதாவது ஐஆர்எஸ், மாற்றினால் சரியாகுமா?

பதில்: சரியாகும். ஆனால் அதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, பின்பக்கத் தொட்டியில் இனியும் சுமை ஏற்றுவீர்களா என்பதைத்தான். உங்கள் வண்டி துள்ளுவதற்குக் காரணம் அரை டன் சுமையை மனதில் வைத்து அடுக்கிய லீஃப் பட்டைகள், மேலே அழுத்த எடையே இல்லாத காலித் தொட்டி, அப்புறம் கீழே டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு), ஆக்சில் குழாய், பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்து சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிற கனம். ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் ஃபிரேமில் உட்கார்ந்துவிடும், சக்கரத்தோடு ஆடுவது ஹப்பும், அதை ஃபிரேமோடு பிணைக்கும் ஆர்ம்களும், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில் ஒரு பங்கும்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே துண்டு ஆக்சில் எவ்வளவு சுமை ஏற்றினாலும் இரண்டு டயரையும் தரையில் நேராகவே வைத்திருக்கும். ஐஆர்எஸ்ஸில் வண்டி அமுங்க அமுங்க டயரின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோ அளவும், அதாவது டயர் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமும், நகரும், டயரின் உள்விளிம்பு தேயும். அதனால் அடிக்கடி 400 கிலோ ஏற்றுகிறவர் என்றால் மாற்றாதீர்கள். பட்டையின் முனைகளில் தேய்ந்த ஷேக்கிள் புஷ்களையும் ஸ்பிரிங் கண் புஷ்களையும் (இணைப்புகளில் உள்ள உறைகள்) மாற்றி, நல்ல ஷாக் அப்சர்பர் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்குவது பெரும்பாலும் அந்தப் புஷ்களின் வேலைதான், பலர் அதைப் பார்க்காமலேயே ஆக்சிலை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சுமை இல்லை, ஓட்டும் சுகத்துக்காகத்தான் என்றால் தாராளமாக இறங்குங்கள், ஆனால் வேலையின் பெரும்பகுதி ஃபிரேமில்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் விகிதம் 3, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கர விகிதம் 3.5 என்றால் சக்கரத்துக்குப் போவது 4,200 நியூட்டன் மீட்டர். அதே அளவு எதிர்விசை டிஃபரன்ஷியல் கூட்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும், அதன் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும்பும். பழைய அமைப்பில் இதை லீஃப் பட்டைகள் வாங்கிக்கொண்டன. இனி ஃபிரேம் வாங்க வேண்டும். டிஃபரன்ஷியலின் முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 700 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) இதை இன்னும் கூட்டும். இப்போது உங்கள் ஃபிரேமைப் பாருங்கள்: திறந்த சி வடிவச் சட்டம், முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும்படியே வடிவமைத்தது. அதனால் பின்பகுதிச் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி, டிஃபரன்ஷியலுக்கு முன்னும் பின்னும் குழாய்க் குறுக்குச்சட்டம் போட்ட பிறகே ஆர்ம்களைப் பற்றிப் பேச வேண்டும். வெல்டிங்கின்போது வண்டி தன் எடையோடு சமதளத்தில் நிற்கட்டும், மூலைவிட்ட அளவுகளை வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 1969 செவர்லே சி10. ஜாகுவார், கார்வெட் சி4, 2002க்குப் பிந்தைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், இந்த மூன்றில் எதன் ஐஆர்எஸ் பின்பகுதியை எடுத்து மாட்டலாம்?

பதில்: உங்கள் சி10இல் காயில் ஸ்பிரிங்கும் இரண்டு நீளமான டிரெய்லிங் ஆர்ம்களும் இருந்தால், அது ஏற்கெனவே நல்ல அமைப்பு. நாஸ்கார் பந்தயக் கார்களின் பின்பக்க 'டிரக் ஆர்ம்' இந்த பிக்கப்பிலிருந்து போனதுதான். அதை ஒதுக்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.

சரி, மாற்றியே தீருவது என்றால். ஜாகுவார் அமைப்பு 1961இல் ஈ-டைப்பிலும் மார்க் 10இலும் வந்தது. பார்க்க அழகு, ஒரு பக்கத்துக்கு இரண்டு காயில்-ஓவர் (ஷாக் அப்சர்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங்), அரை ஷாஃப்டே மேல் ஆர்மாகவும் வேலை செய்யும். பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கும், அங்கேதான் தொல்லை: சூடு நேராக ஆயில் சீலுக்குப் போகும், சீல் கசிந்தால் ஆயில் டிஸ்க்கில் விழும், பேட் மாற்றவே வண்டிக்கடியில் படுக்க வேண்டும். பிரேக் வெளியே வந்த பிந்தைய எக்ஸ்ஜேஎஸ் (ஜாகுவாரின் இன்னொரு கார்) பின்பகுதி கிடைத்தால் அதை எடுங்கள்.

கார்வெட் சி4 எடை குறைவு, அலுமினிய ஆர்ம்கள். மேனுவல் கியர்பாக்ஸ் வண்டிகளில் வந்த டானா 44 டிஃபரன்ஷியல் வலுவானது, ஆட்டோமேட்டிக்கில் வந்த டானா 36 அதைவிடச் சிறியது. ஆனால் அந்தக் காரில் டிஃபரன்ஷியலின் மூக்கைப் பிடித்திருப்பது கியர்பாக்ஸ் வரை நீளும் ஓர் அலுமினிய பீம், அது உங்கள் பிக்கப்பில் இருக்காது. மூக்குக்கு நீங்களே ஒரு தாங்கி கட்ட வேண்டும். மேலே சொன்ன 700 கிலோ கணக்கு இங்கேதான் உயிர்பெறுகிறது, இதை மெல்லிய தகட்டில் செய்து டிஃபரன்ஷியலின் பின்னாலுள்ள அலுமினிய மூடியில் விரிசல் வரவழைத்துக்கொள்ளாதீர்கள். குறுக்கே ஓடும் ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங்கை விட்டு காயில்-ஓவருக்கு மாறுவதும் நல்லது, சுமைக்கேற்ப ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வசதி.

எக்ஸ்ப்ளோரர் கனமான வண்டிக்காகச் செய்தது, சுமை தாங்கும், சிவி ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சீராகச் சுழற்றும் இணைப்பு) உள்ள ஷாஃப்ட், வெளியே பிரேக். சில நேரம் சுமை ஏற்றுகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு சிக்கல், அந்த வண்டியில் ஷாஃப்ட்கள் ஃபிரேமில் உள்ள துளை வழியாகவே போகும், ஆகவே உங்கள் சட்டத்தின் உயரத்தோடு அது எப்படி ஒத்துப்போகும் என்பதை முதலில் அளந்து பாருங்கள்.

கேள்வி: ஜாகுவார் பின்பகுதி என் வண்டிக்கு அகலமாக இருக்கிறது. ஷாஃப்டைக் குறைக்கலாமா?

பதில்: முதலில் வேறு ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) உள்ள வீல் பொருந்துமா பாருங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் அரை ஷாஃப்டையும் கீழ் ஆர்மையும் ஒரே அளவு குறைக்க வேண்டும், ஒன்றை மட்டும் குறைத்தால் கேம்பர் மாறும் விதமே கெட்டுவிடும். ஜாகுவார் ஷாஃப்ட் குழாய் என்பதால் புரோப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போவது) வேலை தெரிந்த பட்டறையில் வெட்டி, வெல்ட் செய்து, பேலன்ஸ் பார்த்துக் கொடுப்பார்கள். சிவி ஜாயின்ட் உள்ள கெட்டிக் கம்பி ஷாஃப்டை வெட்டி ஒட்டவே கூடாது. வெல்டிங் சூட்டில் அதன் கடினத்தன்மை போய்விடும், அளவு கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: மாற்றியாகிவிட்டது, ஆனால் வேகம் எடுத்தால் அடியில் அதிர்கிறது.

பதில்: யுஜே கோணம்தான், அதாவது புரோப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்களின் கோணம்தான், என் முதல் சந்தேகம். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பட்டை முறுக்கிக்கொள்ளும் என்பதற்காகப் பினியனை (டிஃபரன்ஷியலின் மூக்கில் அந்த ஷாஃப்ட் சேரும் தண்டு) ஓரிரு டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள், ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் நகராது என்பதால் அந்தச் சலுகை தேவையில்லை. கியர்பாக்ஸ் வெளிவரும் கோடும் பினியன் கோடும் இணையாக இருக்கட்டும், ஒவ்வொரு யுஜே கிராஸிலும் கோணம் 3 டிகிரிக்குள் இருக்கட்டும், ஆனால் பூஜ்ஜியமாக வேண்டாம், அதிலுள்ள ஊசி ரோலர்கள் உருள அரை டிகிரியாவது வேண்டும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (யுஜேயைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: பின்னால் டிஸ்க் வந்த பிறகு பிரேக் பிடித்தபடியே சூடாகிறது. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான்.

பதில்: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவுக்கு அழுத்தம் தக்கவைக்கும் ஒரு வால்வு இருக்கும், அது டிஸ்க் பேடை விடுவிக்காது. பின்பக்க லைனிலிருந்து அதை எடுக்க வேண்டும். இன்னும் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் என்றால், ஒரு குழாய் உடைந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டு, காலித் தொட்டியோடு பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பின்பக்க பிரேக் அழுத்தத்தைக் குறைத்து அட்ஜஸ்ட் செய்யும் புரொபோர்ஷனிங் வால்வும் வையுங்கள். இந்த வேலை முடியும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.