மூன்று அடி மண்: புரோக்கர் போடாத கணக்கு

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது, கிணற்றுப் பாசனம். கிழக்குப் பக்கம் கொஞ்சம் மேடு, தண்ணீர் சரியாக ஏறாது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் புரோக்கர் ஒருவர், "மூணு அடி மட்டும் எடுத்துக்கறோம், நிலமும் சமமாகிடும். எடுத்த இடத்துல ஏரி வண்டல் கொட்டித் தர்றோம், ஒரே போகத்துல பழையபடி ஆகிடும்" என்கிறார். கொழுந்தனார் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். 'சாம்பிள்' என்று ஒரு மூலையில் பத்து சென்ட் தோண்டியும் விட்டார்கள். மாமனார் கூடவே கூடாது என்கிறார். பட்டா என் பெயரில் இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: மாமனார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. மீதி நிலத்தில் பொக்லைன் இறங்க விடாதீர்கள். ஏன் என்பதற்கு முதலில் ஒரு கணக்கு.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் மூன்று அடி எடுத்தால் 1,30,680 கன அடி. மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் ஏக்கருக்கு 1,306 யூனிட். உங்கள் ஒன்றரை ஏக்கருக்குச் சுமார் 1,960 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் அறுநூற்றைம்பது நடை. உங்களிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார், சூளையில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்பார். ஏக்கர் விலையை 1,306-ஆல் வகுத்து, சூளை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரோக்கர்கள் ஏக்கர் கணக்கில்தான் பேசுவார்கள், யூனிட் கணக்கில் வாய் திறக்கமாட்டார்கள்.

அடுத்தது ஏரி வண்டல். ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கு அரசு இலவசமாக அனுமதி தருகிறது. 2024 முதல் தாசில்தாரே அனுமதிக்கலாம், கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 75 கன மீட்டர் என்பது ஏறக்குறைய 26 யூனிட். எடுப்பது 1,306, திரும்ப வருவது 26! ஏக்கர் முழுக்கப் பரப்பினால் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும். மீதியை எங்கிருந்து கொண்டுவருவார்? கேட்டுப் பாருங்கள், ஏதோ ஒரு பெயர் சொல்வார். கடைசியில் வந்து விழுவது பெரும்பாலும் பழைய கட்டடத்தை இடித்த ரப்பிஷ். அதைப் பொறுக்கி எடுக்கும் வேலை உங்களுக்கு.

சரி, மண் அப்படி என்ன பெரிய பொருள் என்று கொழுந்தனார் கேட்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பத்து சென்ட் பள்ளத்துக்குப் போங்கள். வெட்டின ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவிவிட்டுப் பாருங்கள். மேலே ஆறேழு அங்குலம் கருத்து, உதிரி உதிரியாக, முடி போன்ற வேர்களோடு இருக்கும். அதன் கீழே கத்தி சுலபமாக இறங்காத ஓர் இறுகிய அடுக்கு. அதற்கும் கீழே நிறம் வெளுத்தோ சிவந்தோ, வேர் அநேகமாக இல்லாமல், சில இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளோடு இருக்கும். பயிர் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்த மேல் அடுக்கில்தான் இருக்கிறது.

உங்கள் ஊர்க் குன்றுகளில் தெரிகிற பாறையும் அந்தக் கீழ் அடுக்கும் உறவுதான். பாறை வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, மழைநீர் இறங்கி, வேர் நுழைந்து உதிர்கிறது. உதிர்ந்தது வெறும் பொடி. அதில் தழை மக்கி, மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் குடியேறிய பிறகுதான் அது மேல்மண் ஆகிறது. ஓர் அங்குலம் சேரவே பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு போகத்தில் பழையபடி ஆகும் என்கிறாரே, அவர் எந்தப் போகத்தைச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

அந்த இறுகிய அடுக்கையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். வருஷக்கணக்கில் சேறு உழுது உழுது, ஏர்க்காலுக்குக் கீழே படிந்த தட்டு அது. நெல் வயலில் தண்ணீர் நிற்பதே அதனால்தான். மூன்று அடி எடுத்தால் அதுவும் லாரியில் ஏறிவிடும். பிறகு கிணற்றுத் தண்ணீர் முழுவதும் இறைத்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றியது போலக் கீழே போய்விடும். அடியில் களி இருந்தால் நேர் எதிர்: சுற்று வயல் தண்ணீரெல்லாம் உங்கள் பள்ளத்தில் வந்து நிற்கும், வடிக்க வழியிருக்காது. பக்கத்து வயல் வரப்பு சரிந்து விழுந்தால் அது தனித் தகராறு.

மண் எடுக்கவே கூடாதா என்றால், உங்கள் கிழக்கு மேட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர் பிடித்துத் தொங்குவது இந்த மேட்டைத்தான். தண்ணீர் ஏறாத மேட்டைச் சமன் செய்யலாம். ஆனால் முதலில் மேல்மண்ணை முக்கால் அடிக்கு மட்டும் வழித்து, வரப்போரம் தனியாகக் குவிக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் அடிமண்ணில் எவ்வளவு உயரம் குறைய வேண்டுமோ அவ்வளவை மட்டும் எடுத்து, உங்கள் நிலத்திலேயே இருக்கும் தாழ்வில் நிரப்ப வேண்டும். அந்தத் தாழ்விலும் மேல்மண்ணை முதலில் வழித்து ஒதுக்கிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மண் அடியில் புதைந்துபோகும். கடைசியாக, குவித்த மேல்மண்ணை இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பரப்ப வேண்டும். ஈரமாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள், வண்டிச் சக்கரம் மண்ணை இறுக்கிவிடும். கோடை உழவுக்கு முன்னால் நல்ல காய்ச்சலில் செய்யுங்கள். ஜேசிபிக்காரர் இரட்டை வேலை என்று முணுமுணுப்பார். மணிக்கணக்கில் கூலி கொடுப்பது நீங்கள், கூடவே நின்று வேலை வாங்குங்கள். இதில் ஒரு டிப்பர்கூட வரப்பைத் தாண்டி வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை. போனால் அது சமன் செய்வதல்ல, வியாபாரம்.

வியாபாரம் என்றால் சட்டமும் வரும். பட்டா நிலமானாலும் செங்கல் மண் சிறுகனிமம்தான். 1959-ஆம் ஆண்டு சிறுகனிம விதிகளின்படி அனுமதி வேண்டும், சீனியரேஜ் என்கிற கனிமக் கட்டணத்தை அரசுக்குக் கட்ட வேண்டும், லாரிக்கு நடைச்சீட்டு இருக்க வேண்டும். புரோக்கர் ஒரு ஜெராக்ஸைக் காட்டி, 'பர்மிட் இருக்கு' என்பார். அதில் இருப்பது உங்கள் சர்வே எண்தானா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வேறு ஊர் சர்வே எண்ணை வைத்து ஓட்டுவது பழைய தந்திரம். பிரச்சினை வந்தால் நோட்டீஸ் பட்டாதாரரைத் தேடி வரும். அதாவது உங்களை.

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாத சூளைகள் நூற்றுக்கு மேல் 2021-இல் மூடப்பட்டன. அதற்குள் தோண்டிய பள்ளங்கள் தோண்டியபடியே கிடக்கின்றன. பட்டாவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நம்மை ஆறு முறை நடக்கவிடும் அலுவலகங்களுக்கு, ராத்திரியில் வரிசையாகப் போகும் டிப்பர் மட்டும் கண்ணில் படாது. மண்ணைப் பரிசோதித்து அரசு தரும் மண்வள அட்டையும் அப்படித்தான். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று எடுத்து, அதே எண்களைப் பத்துப் பேர் அட்டையில் அச்சடித்தால், உங்கள் வயலைப் பற்றி அது என்ன சொல்லிவிடப்போகிறது?

அதனால் தோண்டிய பத்து சென்டுக்கு நீங்களே தனியாக மாதிரி எடுங்கள். அங்கே நான்கைந்து இடத்தில், எருக்குழி, வரப்பு, மரநிழல் தவிர்த்து, 'வி' வடிவில் ஆறு அங்குலம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரை கிலோ நிழலில் உலர்த்தி மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மீதி நிலத்து மண்ணோடு கலக்காதீர்கள். முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு டன் நன்றாக மக்கிய தொழுவுரம் போடுங்கள். ஊருக்கு ஆட்டுக்கிடை வந்தால் முதல் ராத்திரி அங்கேதான். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை இரண்டு கிலோ விதைத்து, பூக்கும் சமயத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். அடுத்த வருஷமும் அதையே செய்யுங்கள். நெல் நட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்து, துரு நிறப் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் துத்தநாகக் குறை. பரிசோதனையிலும் அப்படி வந்தால் பத்து சென்டுக்கு ஒரு கிலோ ஜிங்க் சல்பேட், மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். கடைக்காரர் கொடுக்கும் வண்ண வண்ண 'டானிக்' பாட்டில்கள் எதுவும் வேண்டாம். வண்டலுக்கு உங்கள் பெயரிலேயே தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள், ஏரி உங்கள் வட்டத்திலேயே இருக்க வேண்டும். ஏக்கருக்கு 26 யூனிட் என்ற அந்தக் கணக்கு இங்கே உங்களுக்கு உதவும், மொத்தத்தையும் பத்து சென்டில் மட்டும் கொட்டினால் கணிசமாகவே வரும்.

அட்வான்ஸைக் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். பேங்க் மூலம் அனுப்பி, ரசீது வாங்குங்கள். கொழுந்தனார் வெற்று முத்திரைத்தாளிலோ வெள்ளைத்தாளிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் அதைத் திரும்ப வாங்கிய பிறகு பணம் போகட்டும். தர மறுத்தாலோ டிப்பர் மறுபடி வந்தாலோ, பட்டாதாரர் என்ற முறையில் தாசில்தாருக்கும் மாவட்டக் கனிமவளத் துறைக்கும் பதிவுத் தபாலில் ஒரு மனு எழுதுங்கள். வண்டி எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.