பொம்மைக்கு எந்த வாய், எந்த ஃபிரேமில்? – வாசகர் கேள்வி பதில்

ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது. அந்தப் பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக வாய் மாற்றிப் பேச வைப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்திருக்கிறோம். கணக்கெல்லாம் நொடிக்கு 24 ஃபிரேம், எடுக்கும் ஒவ்வொரு படமும் 2 ஃபிரேம் நிற்கும் என்ற அடிப்படையில். அதாவது நொடிக்கு 12 படம்.

இணையத்தில் கிடைக்கும் வாய் அட்டவணை எல்லாம் ஆங்கிலத்துக்கு. தமிழ் வசனத்துக்கு எத்தனை வாய் செய்ய வேண்டும்? 247 வேண்டாம் என்பது மட்டும் தெரியும்!
– அனிமேஷன் மாணவி, கோயம்புத்தூர்

ஒன்பது போதும். மூடிய வாய் இரண்டு: சும்மா இருக்கும்போது தளர்வாக மூடியது ஒன்று, ப, ம வரும்போது அழுத்தி மூடியது ஒன்று. அடுத்தது சற்றே திறந்த வாய். குறில் அ, அதோடு க, ங, ட, ண, ர, ற எல்லாம் இதிலேயே ஓடிவிடும். அதிகம் தேய்வதும் இதுதான் என்பதால் இரண்டு பிரதி செய்துகொள்ளுங்கள். அகலத் திறந்த ஆ. ஓரங்கள் இழுபட்ட இ, ஈ, எ, ஏ. சின்ன வட்டமாகக் குவிந்த உ, ஊ. அதைவிடப் பெரிய வட்டமாக ஒ, ஓ. பல் வரிசை தெரியும் ச, ஜ, ஸ. கீழுதடு மேற்பல்லை நெருங்கும் வ. குளோசப் நிறைய இருந்தால் த, ந, ல மூன்றுக்கும் சேர்த்து, நாக்கு நுனி மேற்பல்லைத் தொடுகிற பத்தாவது வாய் ஒன்று செய்யலாம்.

ஐ, ஔ இரண்டுக்கும் தனி வாய் வேண்டாம். அ வாயிலிருந்து இ வாய்க்குப் போனால் ஐ, உ வாய்க்குப் போனால் ஔ. ழகரத்துக்குத் தனி வாய் செய்பவர்கள் உண்டு, வீண் வேலை. நாக்கு உள்ளே வளைவது வெளியே தெரியாது. ஆங்கில அட்டவணையில் எஃப், வி இரண்டுக்கும் மேற்பல் கீழுதட்டைக் கடித்தபடி இருக்கும். அதை அப்படியே நம் வகரத்துக்கு வைத்தால் ‘வாங்க’ என்பது ‘ஃபாங்க’ போலத் தெரியும். வகரத்துக்கு உதடு பல்லை லேசாகத் தொட்டால் போதும். ஃபோன், ஃபேன் வரும்போதுதான் கடிக்க வேண்டும்.

அட்டவணைக்கு இணையம்தான் கதி என்றில்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவியும், ப, ம இரண்டுக்கும் இதழ் சேரும், வகரத்துக்குப் பல்லும் இதழும் சேரும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அனிமேஷன்காரருக்கு வேண்டிய முக்கால்வாசி அதில் வந்துவிடுகிறது.

ஒவ்வோர் எழுத்துக்கும் சரியான வாய்தான் வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் பொம்மை குளிரில் பல் நடுங்குவது போல இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

எழுத்துக்கு எழுத்து வாய் மாற்றியதுதான் காரணம். 2 ஃபிரேம் என்பது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் வாய் தொடர்ந்து மாறினால் கண்ணுக்கு எந்த வடிவமும் பதியாது, துடிப்பு மட்டும் தெரியும். எதை விடக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ப, ம வரும் இடத்தில் உதடு மூடியே ஆக வேண்டும். குவிகிற உயிரும் அகலுகிற உயிரும் தெரிய வேண்டும். நடுவில் வரும் மெய்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடலாம்.

‘அப்பா, பூவ எங்க வெச்சீங்க?’ என்பதைச் சற்று நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய 58 ஃபிரேம். எந்த ஃபிரேமில் எந்த வாய் என்று குறித்து வைக்கும் டோப் ஷீட்டில் இப்படி விழும்: 1–4 சற்றே திறந்த அ, 5–8 அழுத்தி மூடியது, 9–12 அகன்ற ஆ, 13–16 மறுபடி சற்றே திறந்தது. 17–18 மூடியது, 19–24 ஊ, 25–26 வ, 27–28 அ. 29–32 எ, 33–36 அ. 37–38 வ, 39–40 எ, 41–44 பல் தெரியும் ச, 45–50 ஈ, 51–56 அ, 57–58 தளர்ந்து மூடியது. மொத்தம் 29 படம்; வாய் மாறுவது 15 தடவைதான்.

‘அப்பா’வில் ப்ப இரட்டித்து வருவதால் உதடு 4 ஃபிரேம் மூடியிருக்கிறது, ‘பூ’வில் 2 போதும். இந்த வித்தியாசத்தை விட்டால் ‘அப்பா’ ‘அபா’ ஆகிவிடும். எங்க, வெச்சீங்க இரண்டிலும் ‘ங்’குக்கு வாய் மூடவே இல்லை, கவனியுங்கள். அது தொண்டைப் பக்கம் நடக்கிற வேலை.

ம் வரும் இடமெல்லாம் வாயை மூடினேன், உ வரும் இடமெல்லாம் குவித்தேன். ஆனாலும் டப்பிங் படம் மாதிரி ஒட்டாமல் நிற்கிறதே?
– குறும்படக் குழு, திருச்சி

வசனத் தாளைப் பார்த்து வாய் போட்டிருக்கிறீர்கள். பதிவில் இருக்கும் குரல் வேறு மாதிரி பேசியிருக்கும். தமிழில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் மற்ற எங்கேயும் விட வாயில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

‘மரம்’, ‘படம்’ என்று பேச்சில் முடியும்போது உதடு பெரும்பாலும் மூடுவதில்லை. கடைசி உயிர் மூக்கொலியாகிக் கொஞ்சம் குவிந்து நின்றுவிடும். அங்கே பாதி ஒ வாய் வையுங்கள். ‘வாங்கலாம்’ என்றால் ஆ வாய் அப்படியே மெல்லத் தளர வேண்டும், மூடினால் ஒட்டாது. ஆனால் ‘மரமா?’, ‘அம்மா’, ‘சும்மா’ எல்லாம் கட்டாயம் மூடும். ‘மரம் பெரிசு’ என்று அடுத்த சொல் பகரத்தில் தொடங்கினாலும் மூடும், அந்தப் பகரத்துக்காக.

அடுத்தது சொல் கடைசியில் வரும் உகரம். காடு, பாட்டு, வந்து, உடம்பு: இவற்றின் கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அதுதான். சற்றே திறந்த வாயை 2 ஃபிரேம் வைத்து முடித்துவிடுங்கள். பசு, குரு மாதிரிச் சில சொற்களில் குவியலாம், அதற்குப் பதிவைத்தான் கேட்க வேண்டும்.

உயிர் மாறுவதும் உண்டு. தாளில் ‘உடம்பு’, குரலில் ‘ஒடம்பு’. தாளில் ‘இடம்’, குரலில் ‘எடம்’. ‘பெண்’ணும் ‘பிள்ளை’யும் ‘பொண்ணு’, ‘புள்ள’ ஆகும்போது அகல வேண்டிய வாய் குவிந்துவிடுகிறது. இது சாதாரணப் பிழை அல்ல, நேர் எதிர் வடிவம். எனவே ஷீட் போடுமுன் வசனத்தைக் காதில் விழுகிறபடி திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும் சொல்லை அதே வேகத்தில் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் உங்கள் வாயும் எழுத்துத் தமிழுக்குப் போய்விடும்.

தானாக வாய் பிரித்துத் தரும் மென்பொருள்களை நம்பலாமா என்றும் இதே குழு கேட்டிருக்கிறது. பப்பகாயோ ஆங்கில உச்சரிப்பு அகராதியை வைத்து வேலை செய்வது, தமிழுக்குக் கையால்தான் போட வேண்டும். ஸ்டாப் மோஷன் எடுப்பதற்கான டிராகன்ஃபிரேம் மென்பொருளில் ஒலியை ஏற்றி, உங்கள் வாய்களின் படங்களையும் கொடுத்து, ஷீட்டிலேயே ஓட்டிப் பார்க்க முடியும். படம் எடுக்கும் முன்பே பிழை தெரிந்துவிடும் என்பதால் செலவுக்குத் தகும்.

வாய் எப்போதும் ஒரு நூல் தாமதமாகத் தெரிகிறது. படம் நீளமாக நீளமாக இன்னும் மோசம்.
– வாசகர், சேலம்

இரண்டும் வேறு வேறு நோய். எப்போதும் தாமதம் என்றால் மூடிய வாயை ஒலியின் அலைவடிவத்தில் உச்சியில் வைத்திருப்பீர்கள். ‘ப்’ காதில் விழுவது உதடு பிரியும் நொடியில். மூடியிருக்கும் நேரம் உச்சிக்கு முந்தைய பள்ளம். பள்ளத்தில் மூடிய வாய், உச்சியில் திறந்த வாய் என்று வையுங்கள். மகரத்துக்கு மட்டும் மூடியிருக்கும்போதே ஒலி வரும், அலை தாழ்வாக ஓடும். அதற்குப் பிறகும் தாமதமாகப் பட்டால் வாய் வரிசை முழுவதையும் 1 ஃபிரேம் முன்னே தள்ளுங்கள், மிஞ்சினால் 2. வாய் முந்தினால் கண் பொறுக்கும், பிந்தினால் பொறுக்காது. அதற்கு முன் புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒயர் வைத்துக் கேளுங்கள். தாமதம் அதனுடையதாகவே இருக்கலாம்.

போகப் போக விலகினால் ஃபிரேம் கணக்கு மாறியிருக்கிறது. 24க்கு ஷீட் போட்டு எடிட்டிங்கில் 25க்குத் திறந்தால், 60 நொடிக்கான 1,440 ஃபிரேம் 57.6 நொடியில் தீர்ந்துவிடும். ஒலியை எம்பி3யாக வைக்காதீர்கள், தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு போதும்.

பிளாஸ்டிசின் வாயை மாற்றும்போதெல்லாம் முகம் நசுங்குகிறது, வெள்ளைப் பல் சாம்பல் ஆகிறது. காந்தம் வைக்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாக. வாய்களை, பிளாஸ்டிசின் போலன்றிச் சுட்டால் இறுகிவிடும் பாலிமர் களிமண்ணில் செய்து சுட்டுவிடுங்கள். வெப்பம் பொட்டலத்தில் போட்டிருப்பதுதான் கணக்கு, பொதுவாக 110 முதல் 130 டிகிரிக்குள் இருக்கும். அடுப்பின் குமிழை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். குறைந்தால் உடையும், கூடினால் பழுப்பாகும். 3 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தம் ஏற்றது. ஆனால் அதைச் சேர்த்துச் சுடாதீர்கள். சாதாரண வகைக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலு இழக்கும். குழி மட்டும் விட்டுச் சுட்டு, ஆறியபின் சூப்பர் குளூ வைத்து ஒட்டுங்கள். ஒட்டுமுன் எல்லாக் காந்தத்திலும் ஒரே முனையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று திரும்பிவிட்டால் அந்த வாய் முகத்தைவிட்டுத் துள்ளி ஓடும்.

ஒற்றைக் காந்தம் சுழலும். அதனால்தான் பலருக்கு வாய் கோணிக்கோணி ஆடுகிறது. இரண்டு காந்தம் வையுங்கள், அல்லது மேலோரத்தில் ஒரு சிறு முளையும் முகத்தில் அதற்கேற்ற வெட்டும். வாயைத் தட்டையாகச் செய்யாமல் முகத்தின் வார்ப்பு ஒன்றின் மேல் படிய வைத்தே சுடுங்கள், இல்லாவிட்டால் தலை திரும்பியதும் ஓரம் தூக்கித் தெரியும். தோல் நிறத்தை ஒரே தடவையில் மொத்தமாகக் கலந்துகொள்ளுங்கள். இரண்டாம் கலவை ஒருநாளும் முதல் கலவையாக வராது. பல்லுக்கான வெள்ளையை முதலில் தொடுங்கள், கறுப்பைக் கடைசியில். நடுவில் ஈரத் துடைப்பான். எண் ஒட்டிய மாத்திரை டப்பா, வாய்களை வைக்க மிகச் சரியான பெட்டி.

பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் 3டி பிரிண்ட்தானே செய்கின்றன?
– வாசகர், சென்னை

எல்லாம் இல்லை. அமெரிக்க ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோவான லைகாவின் ‘கோரலைன்’ (2009) முகங்களை 3டி பிரிண்டில் எடுத்தது. புருவப் பகுதி தனி, வாய்ப் பகுதி தனி. நடுக்கோட்டைப் பிறகு கணினியில் அழித்தார்கள். ‘அனோமலிசா’ (2015) அந்தக் கோட்டை வேண்டுமென்றே விட்டுவைத்தது. ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) பொம்மைகளுக்கு வாய் மாற்றவே இல்லை. தலைக்குள் பல்சக்கரம், காது வழியாகச் சின்ன ஆலன் சாவியை விட்டுத் திருப்பினால் வாய் அசையும். ஒன்பது வாய்க்கு பிரிண்டர் தேவையில்லை. மகிழ்ச்சி, கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வேண்டி எண்ணிக்கை நூறைத் தாண்டும்போது யோசிக்கலாம்.

ஒரு வாரத்தில் 2 நிமிடப் படம், முழுக்க வசனம். வழி உண்டா?
– கல்லூரிக் குழு, மதுரை

நொடிக்கு 12 என்றால் 1,440 படம். எல்லாவற்றிலும் வாய் மாற்ற உங்களால் முடியாது. வசனத்தில் பாதியைக் கேட்பவர் முகத்தின் மேல் ஓட்டுங்கள். அங்கே ஒரு கண்சிமிட்டலும் தலைத் திருப்பமும் போதும். பேசுகிறவர் முதுகு காட்டி நிற்கலாம், அழுத்தம் விழும் சொல்லுக்கு 2 ஃபிரேம் முன்பே தலை அசையட்டும். தாத்தா பாத்திரம் இருந்தால் மீசையைத் தாராளமாக வையுங்கள். மீசைக்குக் கீழே மூடியது, திறந்தது, குவிந்தது என்று மூன்று வாயிலேயே காலம் தள்ளலாம். பிரிட்டன் ஸ்டூடியோ ஆர்ட்மேனின் ‘வாலஸ் அண்ட் குரோமிட்’ படங்களில் வரும் நாய் குரோமிட்டுக்கு அந்த மூன்றுகூடக் கிடையாது, எல்லாப் பதிலும் நெற்றியிலிருந்துதான்.