படம் இறக்கியதாக நோட்டீஸ் வந்தால் உடனே பணம் கட்டணுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடி போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: “எங்கள் இணைய இணைப்பில் ஒரு புதுப் படத்தை டோரன்ட்டில் இறக்கியதாக மின்னஞ்சலில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் 40,000 ரூபாய் கட்டினால் விட்டுவிடுவார்களாம், இல்லாவிட்டால் கிரிமினல் கேஸாம். வைஃபை பாஸ்வேர்டு குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டிவிடலாமா?”

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், அந்த மின்னஞ்சலை அழிக்கவும் அழிக்காதீர்கள்.

சமரசத்துக்குக் கூப்பிடுவது தப்பே இல்லை. படம் எடுத்தவருக்கு நஷ்டம் உண்மை, கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தால் இருவருக்கும் நல்லது. ஆனால் கேட்கிற தொகை நஷ்டத்தையும் ஆதாரத்தையும் வைத்து வராமல், வாங்குகிறவரின் பயத்தை அளந்து வந்தால் அது மிரட்டல்தான். பிரிட்டனில் ஏசிஎஸ் லா என்ற சட்ட நிறுவனம் இப்படி ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் போட்டது. வழக்கு நிஜமாகவே நீதிபதி முன்னால் வந்தபோது பின்வாங்கப் பார்த்தது. அதை நடத்திய வக்கீலை 2012-ல் இரண்டு வருடம் தொழில் செய்ய விடாமல் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் பிரெண்டா லா என்ற சட்ட நிறுவனத்தின் கும்பல் இன்னும் மோசம், தாங்களே படத்தைப் பகிரும் தளத்தில் ஏற்றிவிட்டு இறக்கியவர்களிடம் வசூலித்தார்கள். 2019-ல் ஒருவருக்கு 14 ஆண்டு, இன்னொருவருக்கு 5 ஆண்டு சிறை.

உங்கள் விஷயத்தில் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஓர் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்புக்குத் தரப்படும் எண், மட்டும்தான். அது இணைப்பைக் காட்டும், இறக்கிய ஆளைக் காட்டாது. நம் ஊரில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி ஓடுவதும் சகஜம், அதனால் துல்லியமான நேரமும், ஒரே ஐபியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் இல்லாமல் இணைப்பைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, எந்த உத்தரவின் பேரில் கிடைத்தது, படத்தின் உரிமை யாருடையது, வக்கீலின் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம். இன்னொன்று, வசூலில் பங்கு என்று பேசிக்கொண்டு வழக்கு நடத்த இந்திய வக்கீலுக்கு விதிப்படி அனுமதியில்லை. இங்கே எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இந்த விதிதான், கடிதம் ஒரு வியாபாரமாக மாறுவதே அந்தப் பங்கினால்தான்.

பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தெரிந்தே செய்தவருக்கும் அதற்குத் துணைபோனவருக்கும். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீது நீங்களே வழக்குப் போட்டுத் தடையும் இழப்பீடும் கேட்க வழி தருகிறது. அவர்கள் தாமதிக்காமல் உண்மையாகவே வழக்குத் தொடுத்து நடத்தினால் மட்டும் அது பொருந்தாது.

குடித்தனக்காரர்களிடம் நேராகக் கேளுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். யாராவது ஒப்புக்கொண்டால் பேசவேண்டியவர் அவர். அப்போதும் படத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட, இனி கோரிக்கை இல்லை என்று படத்தின் பெயரோடு எழுதிய ஒப்பந்தம் வந்த பிறகுதான் பணம், அதுவும் நிறுவனக் கணக்குக்கு. தனியார் யூபிஐ எண்ணுக்கு வேண்டாம்.

பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் போடுங்கள், இல்லை நோட்டீஸைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். நோட்டீஸ் போலி என்று தெரிந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்.