சாப்பாட்டை நிறுத்தினால் மட்டும் டிக்கெட் விலை இறங்காது

கேள்வி: ஏர் இந்தியா இருக்கும்போதே 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டணத் துணை நிறுவனம் எதற்கு? சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டணத்தைக் குறைத்திருக்கலாமே?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: சாப்பாட்டில் மிச்சமாவது சொற்பம். விலையை இறக்குவது இருக்கைகளின் எண்ணிக்கையும், விமானம் ஒரு நாளில் பறக்கும் நேரமும்தான். போயிங் 737-800-ல் பிசினஸ் வகுப்பு வைத்தால் ஏறத்தாழ 160 முதல் 175 இருக்கைகள். அந்த வகுப்பை எடுத்துவிட்டு வரிசைகளை நெருக்கினால் 189 வரை போடலாம். அவசர வழிகளின் கணக்குப்படி அதுதான் உச்சவரம்பு. ஒரு பேச்சுக்கு, ஒருமுறை பறக்க 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 160 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 7,500 ரூபாய். 189 பேருக்கு ஏறத்தாழ 6,350.

அடுத்தது நேரம். விமானம் தரையில் நின்றாலும் குத்தகைப் பணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கேரளத்திலிருந்து வளைகுடாவுக்கு நான்கு மணி நேரப் பயணம். போன விமானம் இறக்கி ஏற்றிக்கொண்டு உடனே திரும்புகிறது. அதே விமானிகளும் பணியாளர்களும் அதிலேயே வந்துவிடுவதால் வெளிநாட்டு ஓட்டல் செலவும் இல்லை. திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோட்டிலிருந்து தொடங்கியது அதனால்தான் சரியான முடிவு. கூலி வேலைக்குப் போகிறவர்களால் ஆண்டு முழுக்க நிரம்பும் தடம் அது. அப்போது எல்லாம் ஒரே ரக விமானமாக இருந்ததால் பயிற்சியும் உதிரி பாகங்களும் ஒரே வகை. பல ரக விமானங்களும் பழைய சம்பள ஒப்பந்தங்களும் உள்ள தாய் நிறுவனத்துக்குள் இதைச் செய்வது கடினம்.

கேள்வி: அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் இப்படித் தொடங்கிய மலிவுச் சேவைகள் ஏன் மூடப்பட்டன?
– வாசகர், கோவை

பதில்: டெல்டாவின் 'சாங்' 2003-ல் தொடங்கி 2006-ல் நின்றது. யுனைடெட்டின் 'டெட்' 2004-ல் பிறந்து 2009 தொடக்கத்தில் முடிந்தது. பெயரும் வண்ணமும் புதிது. விமானிகளோ தாய் நிறுவனத்தவர், அதே சம்பளம். செலவு குறையாமல் விலையை மட்டும் குறைத்தால் எத்தனை நாள் தாங்கும்? ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 2004-ல் பறக்கவிட்ட மலிவு நிறுவனமான ஜெட்ஸ்டாருக்குத் தனித் தலைமையகம், தனி ஒப்பந்தம், அது நிலைத்தது.

கேள்வி: எக்ஸ்பிரஸில் துபாயிலிருந்து வந்து வேறு விமானம் மாறுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: முதலில் டிக்கெட்டில் விமான எண்ணைப் பாருங்கள். ஏஐ என்றால் ஏர் இந்தியா, ஐஎக்ஸ் என்றால் எக்ஸ்பிரஸ். இரண்டுக்கும் பெட்டி எடை வரம்பு வேறு. எக்ஸ்பிரஸின் 'லைட்' வகைக் கட்டணத்தில் கைப்பை மட்டும்தான். பெட்டி இருந்தால் எடையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கவுன்டரில் பல மடங்கு கேட்பார்கள்.

இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் அந்தப் பணம் உங்கள் கையை விட்டுப் போனதுதான். ஒரே பிஎன்ஆர் ஆனாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். குடியேற்ற வரிசையும் சேர்ந்தால் மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

கேள்வி: மலிவு டிக்கெட் என்றால் தாமதத்துக்கு எதுவும் தரமாட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தர வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி கட்டணம் பார்ப்பதில்லை. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சிற்றுண்டி உண்டு. ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு அந்த வரம்பு 3 மணி. கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.