பென்சிலில் எழுதிய கணக்கு

கேள்வி: அமெரிக்கக் கிராமங்களில் குடும்ப வியாபாரத்தைக் கவனித்த பெண்களுக்கு அந்தக் காலத்திலேயே சம உரிமை இருந்திருக்கும், இல்லையா?

பதில்: இல்லைங்க. அயோவா மாநிலத்தில் நான் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி கணவரோடு சேர்ந்து பண்ணையும் ஹார்டுவேர் கடையும் நடத்தியவர். விடியுமுன் பால் கறந்து, அப்புறம் கடை திறந்து, ராத்திரி சமையலறை மேஜையில் கணக்கு எழுதுவாராம். அந்த நோட்டுகளைக் காட்டினார். ஆணி, வேலிக்கம்பி, விதைச்சோளம், யார் எவ்வளவு பாக்கி என்று எல்லாமே பென்சிலில், சாய்ந்த சின்ன எழுத்தில்.

ஆனால் 1974-இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, கணவர் கையெழுத்தில்லாமல் கடன் இல்லை என்று வங்கி சொல்ல முடிந்தது. கணவர் இறந்தால் இன்னும் கொடுமை. கூட்டுப் பெயரில் இருக்கும் நிலத்துக்குக்கூட, தன் பங்கை மனைவிதான் நிரூபிக்க வேண்டியிருந்தது. முடியாவிட்டால் எஸ்டேட் வரிக்கு, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வரிக்கு, முழுவதும் கணவர் சொத்து என்றே கணக்கு. பெரிய பண்ணை என்றால் அந்த வரியைக் கட்ட வேண்டி வந்தது. வருஷக்கணக்கில் மாடு மேய்த்ததற்கு ரசீது ஏது? கணவன் மனைவிக்குள் கைமாறும் சொத்துக்கு அந்த வரியை நீக்கியது 1981-ஆம் வருஷச் சட்டம்தான்.

பாட்டியின் கடைப் பலகையில் கடைசிவரை கணவர் பெயர் மட்டும்தான். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. எனக்கும் தாங்கவில்லை.